வேட்டியை நம்பி எடுத்த படம்

முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அரிசியை அவள் என் மேசைமேல் கொட்டினாள். வீசினாள் என்றே சொல்லலாம். நாலைந்து மணிகள் கம்ப்யூட்டர் கீபோர்டின் இடுக்குகளில் போய் விழுந்தன.

"இது என்ன கலருக்கா? நீங்களே சொல்லுங்க."

"வெள்ளைதான்."

"அப்ப அது?"

திரையில் அந்த அரிசியின் படம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் இதே மேசையில் நான் எடுத்துக் கொடுத்தது. அவள் கேட்டாள் என்று அப்போதுதான் திறந்து வைத்திருந்தேன். குவித்து வைத்த பச்சரிசி, பக்கத்தில் ஒரு மரப்படி, கீழே விரித்த வெள்ளைத் துணி. மேசைமேல் கிடந்த அரிசியையும் திரையில் இருந்த அரிசியையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மூட்டை என்று யாராவது சத்தியம் செய்தால் நானே நம்பியிருக்கமாட்டேன். திரையில் இருந்தது ஒரு வருடம் குதிரில் கிடந்து பழுத்த அரிசி. மேசைமேல் கிடந்தது மாசியில் அறுத்த புது அரிசி.

படம்தான் தப்பு என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் வாயிலிருந்து வந்தது வேறு.

"போன் திரையில பாத்தவங்க எதையாவது சொல்லுவாங்க. அதுக்கு நான் என்ன பண்றது?"

"இது உங்க கம்ப்யூட்டர்க்கா," என்றாள் அவள்.

காரைக்கால் டவுனில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஸ்டுடியோ. ஆட்களைப் படம் எடுப்பதில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. மேசைமேல் வைக்கக்கூடிய பொருள் எதுவாக இருந்தாலும் எடுப்பேன். கோட்டுச்சேரியிலிருந்து மிளகாய்த்தூள் வரும். பட்டினச்சேரியிலிருந்து பொட்டலம் போட்ட கருவாடு வரும். அது வந்த நாளில் என் வீட்டுக்காரர் மாடிப்பக்கமே வரமாட்டார். பித்தளை விளக்கு, மெழுகுவர்த்தி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் இந்த ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கின்றன. போனிலேயே கடை நடத்துகிறவர்களுக்குப் படம்தான் கடை வாசல். அந்த வாசலைக் கூட்டிக் கோலம் போட்டுத் தருகிறவள் நான் என்று எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு.

அவள் அம்பகரத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். புகுந்த வீட்டில் நெல் விவசாயம். காலம் காலமாக நெல்லை அப்படியே வியாபாரிக்குப் போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். பாரம்பரிய ரகத்தைத் தனியாக அரைத்து, பையில் போட்டு, நேரடியாக வீடுகளுக்கு விற்கலாம் என்று அவள் இரண்டு வருடம் மாமனாரிடம் மல்லுக்கு நின்றாள். இந்த வருடம்தான் அவர் இறங்கிவந்து ஒரு பகுதி நெல்லை அவளிடம் விட்டார். அதுவும் ஒரு நிபந்தனையோடு. "இந்தத் தடவ பாரு. நம்ம பேரு கெட்டுச்சுன்னா அதோட சரி. அடுத்த வெள்ளாமைலேருந்து எல்லாம் வியாபாரிக்குத்தான்." படம் எடுக்க வந்த முதல் நாளே இதை என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் "அதெல்லாம் ஜோரா எடுத்துடலாம்" என்று சொல்லியிருந்தேன்.

இப்போது பேர் கெட்டுவிட்டது.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சமையல் கான்ட்ராக்டர். கல்யாண விருந்துக்கு அரிசி தேடியவர் அவள் போட்ட படத்தைப் பார்த்திருக்கிறார். பழைய அரிசி என்று கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிட்டார். விருந்து சமைப்பவர்களுக்குப் பழைய அரிசிதான் வேண்டும். சாதம் பொலபொலவென்று உதிரும். புது அரிசியை அண்டாவில் போட்டால் களியாகிவிடும். அவர் போனில் கேட்டது ஒரே கேள்வி. "படத்துல இருக்கற அரிசிதானம்மா வரும்?" இவளும் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். "ஆமாங்க, அதே அரிசிதான்."

மூட்டைகள் போய் இறங்கியிருக்கின்றன. அவர் ஒரு மூட்டையைப் பிரித்து, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்து, அப்படியே வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் இயற்கை விளைபொருள் வாங்குகிறவர்கள் எல்லோரும் இருக்கும் போன் குழுவில் நாலு வரி எழுதிவிட்டார். பழைய அரிசி மாதிரி படம் போட்டுப் புது அரிசியைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, இந்தப் பெண்ணிடம் யாரும் வாங்கி ஏமாறவேண்டாம் என்று. கீழே என் படம். கூடவே அவள் போன் நம்பர்.

அதை அவள் எனக்குக் காட்டினாள். அழவில்லை. பஸ்ஸில் வரும்போதே அழுது முடித்துவிட்டாள் போல, கண் மட்டும் வீங்கியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். நியாயமாகச் சொன்னால் அவள்மேல்தான் வந்தது. பிறகு கான்ட்ராக்டர்மேல். அதன்பிறகு பல்புமேல். கோபம் வந்தால் நான் பொருட்களைத் திட்டுகிறவள். பல்புக்கு மண்டை சூடு என்று திட்டி, இரண்டு விளக்கையும் அணைத்துவிட்டு, அதே வெள்ளைத் துணியை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் அந்த அரிசியை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள். லென்ஸைத் துடைத்துவிட்டு எடுத்தேன். மஞ்சள். திரையைத் திட்டிவிட்டு வீட்டுக்காரரின் போனை வாங்கி அதில் போட்டுப் பார்த்தேன். அதிலும் மஞ்சள்தான்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கேமராவுக்கு எது வெள்ளை என்று தெரியாது. நம் கண்ணுக்குத் தெரியும். குண்டு பல்பின் கீழேயும், மேகமூட்டத்திலும், பந்தலுக்குள்ளும் பால் வெள்ளையாகத்தான் தெரியும், ஏனென்றால் கண் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும். கேமராவுக்கு நாம்தான் ஒரு பொருளைக் காட்டி, "இதோ பார், இதுதான் இங்கே வெள்ளை" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஒயிட் பேலன்ஸ். ஒருமுறை சொல்லிவிட்டால் அது அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு மற்ற நிறங்களையெல்லாம் அதற்கேற்ப நகர்த்தும். நான் காட்டிய பொருள் தப்பாக இருந்தால் அதற்கென்ன தெரியும், பாவம்.

நான் காட்டியது என் வீட்டுக்காரரின் வேட்டி.

அவர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வாரம் முழுக்க பேன்ட்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்கு மட்டும் வேட்டி. கோவிலுக்கு வருகிற ஆண்களில் என் வீட்டுக்காரர் வேட்டிதான் வெள்ளை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அடுத்த பெஞ்சில் உட்காருகிற அம்மாவே ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். கேமராவுக்கு வெள்ளை காட்ட வேண்டும் என்று படித்ததும், இந்த ஊரிலேயே வெள்ளையான பொருள் என் அலமாரியில் இருக்கும்போது வேறு எங்கே தேடுவது என்று ஒரு வேட்டியை எடுத்து மேசைக்கு வைத்துக்கொண்டேன். அதையே விரிப்பேன், அதையே கேமராவுக்கும் காட்டுவேன். கேமரா வாங்கியபோது கூடவே ஒரு சாம்பல் நிற அட்டை வாங்கச் சொன்னார்கள், வாங்கினேன். உறைகூடப் பிரிக்கவில்லை. வேட்டி இருக்கும்போது சாம்பல் அட்டை எதற்கு?

திட்டுவதற்கு வேறு பொருள் இல்லாமல் போனபிறகுதான் அந்த அட்டையைப் பையின் அடியிலிருந்து எடுத்தேன். அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இது வெள்ளையே இல்லியேக்கா."

"அப்படித்தான். வெள்ளையும் இல்லாம கருப்பும் இல்லாம, எந்தச் சாயமும் ஏறாத நிறம். இத காட்டுனா கேமரா ஏமாறாதாம்."

அட்டையை வேட்டிமேல், அரிசிக்குப் பக்கத்தில் வைத்தேன். கேமராவுக்கு வேட்டியைக் காட்டாமல் அட்டையைக் காட்டினேன். ஒரு படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டேன்.

அரிசி வெள்ளையாக இருந்தது.

வேட்டி நீலமாக இருந்தது.

லேசான நீலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பச்சைக்குழந்தைக்குத் தைக்கும் சட்டைத் துணி மாதிரி, பார்த்தவுடனே நீலம் என்று சொல்லக்கூடிய நீலம். நான் திரையையும் மேசையையும் பார்த்தேன். மேசைமேல் அதே வேட்டி, வெள்ளைவெளேரென்று. திரையில் நீலம். பேய் அடித்த மாதிரி நின்றுவிட்டேன்.

அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அக்கா, சொட்டு நீலம் போடுவீங்களா?"

போடுவேன். வாரம் தவறாமல் போடுவேன். என் கையால் வாளித் தண்ணீரில் சொட்டு விட்டு, கலக்கி, வேட்டியை முக்கி எடுத்து, திட்டுத்திட்டாகப் படியாமல் உதறி, மொட்டைமாடி வெயிலில் போட்டுவிட்டுக் கீழே வருவேன். வந்து அதே கையால் கேமராவைத் தூக்குவேன். இரண்டு வருடமாக. வெள்ளைத் துணி நாள்பட்டால் பழுப்பேறும். அந்தப் பழுப்பை மறைத்துக் கண்ணை ஏமாற்றத்தான் நீலம். இது எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டே அந்த நீலத்தைக் கேமராவிடம் காட்டி, இதுதான் வெள்ளை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அது நீலத்தைக் கழிப்பதற்காக எல்லாவற்றின்மேலும் மஞ்சளை அள்ளிப் பூசியிருக்கிறது. வேட்டி மட்டும் படத்தில் சுத்தமான வெள்ளையாக வந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பின்னால் துணி வெள்ளையாக இருக்கிறதே, அப்புறம் அரிசி மட்டும் எப்படித் தப்பாக இருக்கும் என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள். இல்லை, நான் நினைத்தேன்.

"எங்க மாமனார் வேட்டிக்கு நானும் போடுவேன்," என்றாள் அவள், எனக்கு ஆறுதல் சொல்வது போல. அது இன்னும் மோசமாக இருந்தது.

பழைய படங்களைத் திறந்தேன். மிளகாய்த்தூள் எல்லாம் கொஞ்சம் ஆரஞ்சு. மஞ்சள்தூள், கேட்கவே வேண்டாம், தங்கத் தூள் மாதிரி. பித்தளை விளக்கு தகதகவென்று நின்றது. அந்த விளக்குக்காரர் "உங்க கையில ஒரு பொன் நிறம் இருக்கும்மா" என்று மனம்விட்டுப் பாராட்டியவர். நானும் அதைக் கைராசி என்று நம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொட்டு நீலத்தின் ராசி. மஞ்சள் ஏறினால் அழகாகத் தெரிகிற பொருட்களாகவே என் மேசைக்கு வந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. உண்மையிலேயே வெள்ளையாக இருந்து, வெள்ளையாகவே தெரியவேண்டிய பொருள் ஒன்று வந்தது. அது இவளுடைய அரிசி.

"எனக்கு எப்படித் தெரியும்? யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் தன் போனை எடுத்து, மேலே தள்ளித் தள்ளி, ஒரு இடத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினாள். படம் அனுப்பிய அன்று எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு.

"அக்கா படம் சூப்பர். அரிசி மட்டும் கொஞ்சம் மஞ்சளா இருக்கற மாதிரி இருக்கு."

அதற்குக் கீழே என் பதில். "உன் போன் அப்படி. பிரைட்னஸ் கூட்டி வச்சுப் பாரு."

அதற்குக் கீழே அவள் ஒரு கைகூப்புப் படம் போட்டிருந்தாள். அவ்வளவுதான்.

இதை நான் எழுதினேன் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. ஒருவர் பிழைப்பையே குப்புறத் தள்ளிய ஒரு வரியை, அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே எழுதியிருப்பேன், மறந்திருப்பேன். நீலத்தைப் பார்த்தபோது வந்தது ஒருவகை அதிர்ச்சி. இது வேறு. எனக்கு அவமானமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் திரையைச் சரிசெய்வது போல நின்றேன்.

பிறகு வேட்டியை உருவிச் சுருட்டி மூலையில் எறிந்தேன். மேசையில் சாயம் ஏறாத காடாத் துணியை விரித்தேன். அட்டையைக் காட்டி நிறத்தைச் சரிசெய்தேன். வெளிச்சத்திலும் ஒரு கணக்குத் தப்பியிருந்தது. வெள்ளைக் குவியலைப் பார்த்தால் கேமரா பயந்துபோய், ஐயோ வெளிச்சம் அதிகம் என்று தானாகவே இருட்டாக்கிவிடும். அன்று மணிமணியாகத் தெரியட்டுமே என்று நானும் அந்த இருட்டை அப்படியே விட்டிருந்தேன். மஞ்சளும் இருட்டும் சேர்ந்தால் பழைய அரிசிதானே! இந்தமுறை வெளிச்சத்தைக் கூட்டி எடுத்துப் பார்த்தேன். குவியலின் உச்சி வெளுத்துப்போய் மணிகள் ஒன்றோடொன்று கரைந்தன. கொஞ்சம் குறைத்தேன். இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் மெல்லிய நிழல் வந்து நின்றபோது நிறுத்தினேன். அவள் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்துத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினாள். இரண்டும் ஒன்று. புத்தம்புது அரிசி. பார்த்தாலே குழையும் என்று தெரிகிறது.

"இதுதான்க்கா என் அரிசி," என்றாள்.

அந்தப் படத்தையும் நீல வேட்டிப் படத்தையும் கான்ட்ராக்டருக்கு அனுப்பிவிட்டு நானே போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன், அவளும் கேட்கட்டும் என்று. திட்டு வாங்கத் தயாராக நின்றுகொண்டுதான் பேசினேன். உட்கார மனம் வரவில்லை. காரைக்காலில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், படம் எடுத்தது நான், கேமராவில் நிறம் தப்பாக வைத்தது என் தப்பு, அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அப்படிங்களாம்மா," என்றார் அவர். மரியாதையான குரல். "கேமரால தப்புங்களா? சரிங்க சரிங்க. டெக்னிக்கல் விஷயம், நமக்கு என்ன தெரியும். நீங்க சொன்னா சரிதாம்மா. குழுவுல ஒரு வார்த்த போட்டுடறேன்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சண்டை போடுவார் என்று நான் சேர்த்து வைத்திருந்த நியாயமெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. இவ்வளவு சுலபமா? நான் நிம்மதியோடு அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் நிம்மதியே இல்லை.

"வண்டிய திருப்புன அன்னைக்கு நான் மூணு தடவ போன் போட்டேன்க்கா," என்றாள். "இதே வார்த்ததான் சொன்னேன். படம் மஞ்சளா வந்துருச்சுங்க, நான் மறைக்கலங்கன்னு. மூணாவது தடவ, பொய் சொல்ல வெக்கமா இல்லியான்னு கேட்டுட்டு வச்சுட்டாரு."

அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் போனில் இருந்த என் பதில் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே குழுவில் செய்தி வந்தது. "அரிசி விஷயம், படத்துல கலர் தப்பாம். ஸ்டுடியோ அம்மா விளக்கம் சொல்லிட்டாங்க." குற்றம் சொல்ல நாலு வரி, திருத்தத்துக்கு ஒரு வரி. மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை. அவள் பெயரும் இல்லை. ஆனாலும் வேலை நடந்தது. நாலைந்து வீடுகளில் மறுபடி அரிசி கேட்டார்கள். மாமனாரும் சமாதானம் ஆகிவிட்டார் என்று மறுவாரம் வந்தபோது சொன்னாள்.

"என்ன சொன்னாரு?"

"படம் எடுத்த அம்மாவே சொல்லிட்டாங்களா, அப்ப சரின்னாரு. அடுத்த வெள்ளாமைக்கும் நெல்லு தர்றாராம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனது திரும்பிவிட்டது, இனி எல்லாம் சரி. அடுத்த அறுவடைக்கு நானே அம்பகரத்தூர் வந்து, களத்து வெயிலிலேயே வைத்து எடுத்துத் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம், அட்டையைக் காட்டி, வெளிச்சம் பார்த்து, அரிசி எப்படியோ படமும் அப்படியே இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"வேண்டாம்க்கா," என்றாள். "இனிமே படத்த நானே எடுத்துக்கறேன். போன் கேமரா போதும்."

"அதுல சரியா வராதும்மா."

"வராட்டி பரவால்ல."

"என்மேல கோபமா?"

"கோபமெல்லாம் இல்லக்கா." அவள் குரலில் நிஜமாகவே கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "தப்பா வந்தா என் தப்பா வரட்டும். அடுத்தவங்க செஞ்ச தப்புக்கு நான் பொய்க்காரி ஆனேன். அது தப்புன்னு சொல்லவும் அடுத்தவங்கதான் வரவேண்டியிருந்துச்சு. என் அரிசிக்கு நான் சொன்னா போதாதா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அம்பகரத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. கீபோர்டின் இடுக்குகளில் போன வாரம் விழுந்த அவள் அரிசி மணிகளை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.